துணியின் நிறமும் படத்தின் ஒளியும்

துணியைக் கையால் தடவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து வாங்குவது நம் நாட்டு வழக்கம். இன்றோ, குண்டடத்திலிருந்து கிளம்பும் சேலையையும் வேஷ்டியையும் தொலைவில் உள்ளவர் கைப்பேசி வீடியோவில் பார்த்தே வாங்கக்கூடிய காலம். அரக்குச் சேலை படத்தில் செம்மஞ்சளாகத் தோன்றினால், போய்ச் சேர்ந்த சரக்கு திரும்பி வரும். நூலிலும் சாயத்திலும் நெசவிலும் குற்றம் இராது. ஆயினும் போகவரச் செலவும் அவப்பெயரும் நம் தலையிலேயே விழும். ஆகவே, படம் எடுக்கும்போது ஒளியை அடக்கி ஆளும் முறையை அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் அவசியம்.

நம் கண் வேறு, காமிராவின் கண் வேறு. வெயிலில் நிற்பவரையும் திண்ணை நிழலில் இருப்பவரையும் நாம் ஒருசேரத் தெளிவாகக் காண்கிறோம். காமிரா அவ்வளவு வேறுபாட்டைத் தாங்காது. ஒளி மிகுந்தால் ஜரிகையின் வேலைப்பாடு வெளிறி மறையும். அவ்வாறு முற்றிலும் வெளிறியதைப் பின்னர் எந்த உபாயத்தாலும் மீட்க இயலாது. ஒளி குறைந்தாலோ, கருமையான பகுதிகளில் புள்ளி புள்ளியாகத் தோன்றி இழையின் நயம் கெடும்.

காமிரா ஏற்றுக்கொள்ளும் ஒளியின் அளவையே எக்ஸ்போஷர் என்பர். கைப்பேசி இதைத் தானாகவே நிர்ணயித்துக்கொள்கிறது. ஆனால் எதிரே இருப்பது வெள்ளையா, கறுப்பா என்பதை அது சரிவர அறியாது. பெரும்பாலும் நடுத்தரச் சாம்பல் நிறத்தையே அளவாக வைத்துக் கணக்கிடும். அதனால்தான் திரை நிறைய வேஷ்டி இருந்தால் அது அழுக்கேறியதுபோல் மங்குகிறது. கருநீலச் சேலை இருந்தால் வெளுத்துக் காண்கிறது. துணியை விரிக்கும்போது நிறம் மாறி மாறித் தோன்றுவதற்கும் இதுவே காரணம்.

இதற்குப் பரிகாரம் எளிது. பல கைப்பேசிகளில், திரையில் துணி தெரியும் இடத்தை விரலால் சற்று நேரம் அழுத்தினால் அந்த ஒளியளவு நிலைத்துவிடும். பிறகு வெள்ளைத் துணிக்கு அளவைச் சற்று ஏற்றவும், கருந்துணிக்குச் சற்று இறக்கவும் வேண்டும். ஜரிகை இருப்பின், அது வெளிறாத அளவே சரியான அளவாகும்.

அளவு சரியானாலும் ஒளியின் தன்மை சரியாக இருக்கவேண்டும். இதில் சத்யஜித் ராயின் ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ராவின் முறை நமக்கு நல்ல வழிகாட்டி. 1956-ல் வெளிவந்த ‘அபராஜிதோ’ படத்திற்காகக் காசி நகரத்து வீடொன்றின் முற்றத்தைத் திறந்த வெளியில் அமைக்க எண்ணியிருந்தனர். மழைக்கு அஞ்சி அதைக் கல்கத்தா ஸ்டுடியோவுக்குள் அமைக்க நேர்ந்தது. முற்றத்தில் வானத்திலிருந்து இறங்கும் நிழலற்ற ஒளியை விளக்குகளால் எப்படிக் கொணர்வது? மித்ரா, முற்றத்திற்கு மேலே வெள்ளைத் துணியைச் சட்டத்தில் கட்டி விரித்தார். விளக்குகளை நடிகர்மேல் பாய்ச்சாமல் அத்துணியின்மேல் பாய்ச்சினார். துணியில் பட்டுத் திரும்பிய ஒளி, வான ஒளியைப் போலவே மென்மையாகப் பரவியது.

பெரிய ஸ்டுடியோவுக்கு உதவிய அச்சாதனம் நம் வீட்டிலேயே இருக்கிறது. ஜன்னலருகே, நேர் வெயில் படாத இடத்தில், துணியைத் தொங்கவிடுக. ஜன்னலுக்கு எதிர்ப்புறத்தில் வெள்ளை வேஷ்டியொன்றைக் கட்டினால், அதில் பட்டுத் திரும்பும் ஒளி நிழற்பக்கத்தைத் தெளிவாக்கும். வடக்கு ஜன்னல் உத்தமம். எனினும் சித்திரை முதல் ஆடி வரை நம் பகுதியில் சூரியன் வடக்கே சாய்ந்து செல்வதால் அங்கும் வெயில் நுழையலாம். அப்போது ஜன்னலிலேயே மெல்லிய வெள்ளைத் துணியைத் திரையாகக் கட்டுக. கட்டும் துணி தூய வெள்ளையாக இருத்தல் வேண்டும். மஞ்சள் துணி கட்டினால் அந்த மஞ்சள் சரக்கின்மேலும் படியும்.

பலவகை விளக்குகளைக் கலப்பது பெருந்தவறு. பழைய குண்டு பல்பின் ஒளி ஏறத்தாழ 2,700 கெல்வின் அளவுள்ள மஞ்சள் ஒளி. நண்பகல் வெயில் ஏறத்தாழ 5,500 கெல்வின். இரண்டும் ஒரே சேலையில் விழுந்தால் ஒரு பக்கம் ஒரு நிறமும் மறுபக்கம் வேறு நிறமும் தோன்றும். ஜன்னல் ஒளி போதுமானால் விளக்குகளை அணைத்துவிடுக. விளக்கொளியில் எடுக்க நேர்ந்து படத்தில் கோடுகள் ஓடினால், அதற்கு மின்சாரமே காரணம். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று உடையதாகையால் விளக்கொளி நொடிக்கு 100 தடவை ஏறி இறங்கும். ஷட்டர் வேகத்தை 50-ல் ஒரு பங்கு நொடியாகவோ 100-ல் ஒரு பங்கு நொடியாகவோ வைத்தால் அக்கோடுகள் பெரும்பாலும் மறையும்.

விவசாய அன்பர்களுக்கும் இவ்விதிகள் பொருந்தும். முருங்கைக்காயையோ சின்ன வெங்காயத்தையோ உச்சி வெயிலில் படமெடுத்தால் பளபளப்பே தெரியும், தரம் தெரியாது. அடர்ந்த மரநிழலில் எடுத்தால் இலையின் பச்சை விளைபொருளின்மேல் படியும். களத்தில் வெள்ளைத் துணியைப் பந்தலாகக் கட்டி, அதன் கீழ் வைத்து எடுப்பதே நலம்.

இவற்றை ஒவ்வொருவரும் தனித்தனியே ஏற்பாடு செய்யவேண்டியதில்லை. சங்கக் கட்டடத்தில் ஒரு ஜன்னலோரத்தை ஒதுக்கி, வெள்ளைத் திரையையும் கைப்பேசியை நிறுத்த ஒரு தாங்கியையும் வைத்தால் எல்லா அங்கத்தினர்களுக்கும் பயன்படும். படத்தை அனுப்புமுன், பகல் வெளிச்சத்தில் துணியையும் திரையையும் அருகருகே வைத்து ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். நிறம் ஒத்திராவிடின் மீண்டும் எடுக்கவேண்டும். மெருகேற்றும் வித்தைகளால் மறைக்கலாகாது. வாங்குபவர் பிரித்துப் பார்க்கும் துணியும் அவர் முன்பு கண்ட படமும் ஒன்றாக இருந்தால், அடுத்த தடவையும் அவர் நம்மையே நாடி வருவார்.