உறுதியும் மூர்க்கமும்

மொழிபெயர்ப்பாளனுக்கு எளிதில் பிடிகொடாத சொற்கள் சில உண்டு. ஆங்கிலத்தில் 'அசர்ட்டிவ்னெஸ்' என வழங்குவது அவற்றுள் ஒன்று. 'துணிவு' என்றால் பொருள் குறைகிறது. 'பிடிவாதம்' என்றால் பொருளே கெடுகிறது. தன் கருத்தையும் உரிமையையும் தயங்காது, அதே சமயம் பிறர் உரிமைக்கு ஊறு விளையாது எடுத்துரைக்கும் பண்பே அது. அதனை ஈண்டு 'உறுதி' என்றே கொள்வோம்.

பிறர் உரிமையை மிதித்துத் தன் காரியத்தைச் சாதிப்பது மூர்க்கம். இவ்விரண்டையும் குரலைக் கொண்டு பிரித்தறிய இயலாது. மெல்லிய குரலில் மிரட்டுவோரும் உளர். உரத்த குரலில் நியாயம் கேட்போரும் உளர். எதிரே நிற்பவர் மறுமொழி கூற இடமுண்டா என்பதே அளவுகோல்.

பீகாரின் சம்பாரண் ஜில்லாவில், 20 கட்டா நிலத்துக்கு 3 கட்டா வீதம் தோட்ட முதலாளிகளுக்காக அவுரி பயிரிட வேண்டுமென்ற நிர்ப்பந்தம் குடியானவர்களை வாட்டி வந்தது. அவர்கள் குறைகளை நேரில் ஆராய 1917 ஏப்ரலில் காந்தியடிகள் அங்கே சென்றார். ஜில்லாவை விட்டு வெளியேறுமாறு அவருக்கு உத்தரவு வந்தது. அவர் வெளியேறவில்லை, ஒளியவும் இல்லை. உத்தரவுக்கு இணங்க இயலாதென அதிகாரிக்கு எழுதித் தெரிவித்தார். ஏப்ரல் 18ஆம் நாள் மோதிஹாரி நீதிமன்றத்தில், உத்தரவை மீறியதை ஒப்புக்கொண்டார். சட்டத்தை மதியாமல் அன்று, மனச்சான்றுக்குப் பணிந்தே அவ்வாறு செய்ததாக உரைத்தார். தண்டனையைக் குறைக்குமாறு வேண்டவில்லை. திரண்டுவந்த மக்களை ஒழுங்குபடுத்த அதிகாரிகளுக்கே துணைநின்றார். சில நாட்களில் வழக்குத் திரும்பப் பெறப்பட்டது. பின்னர் அமைந்த விசாரணைக் குழுவில் அவரும் ஓர் உறுப்பினரானார். 1918ஆம் ஆண்டுச் சட்டம் அந்நிர்ப்பந்தத்தை ஒழித்தது. அவர் பணியவும் இல்லை. எவரையும் பழிக்கவும் இல்லை.

இஃது பெரியோர்க்கே உரிய பண்பு என நேயர்கள் எண்ணலாகாது. முன்பு நான் பணியாற்றிய ஓரிடத்தில், மாலை புறப்படும் வேளையில், மறுநாட் காலைக்குள் முடிக்கவேண்டிய கோப்புகள் என் மேசைக்கு வரும். பல மாதங்கள் வாய் திறவாதிருந்தேன். ஒருநாள், கோப்பைக் கொணர்ந்த பியூன்மீது சீறி விழுந்தேன். அவர் செய்த குற்றம் யாது? உரியவரிடம் சொல்லாததை, எளியவர் தலையில் கொட்டினேன். மௌனமும் சீற்றமும் ஒரே வேரில் கிளைத்தவை என்பது அன்று விளங்கிற்று.

மறுநாள் அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, மேலதிகாரியிடம் சென்றேன். "மாலையில் வரும் கோப்புகளை இரவில் மொழிபெயர்க்கிறேன், பிழைகள் நேர்கின்றன, அவசரமில்லாதவற்றுக்கு ஒரு நாள் தவணை வேண்டும்" என்றேன். அவர் சற்று யோசித்து, இசைந்தார். அவர் மறுத்திருக்கவும் கூடும். அப்போதும் நான் சொன்னது பயனற்றதாகியிராது. பழி பியூனைச் சென்று சேர்ந்திராது அல்லவா?

நடப்பது இது, அதனால் நேரும் இடர் இது, வேண்டுவது இது என்று மூன்றே வாக்கியங்களில், உரியவரிடம், உரிய காலத்தில் சொல்லிப் பழகுவோமாக. சொன்னபின், அவர் கூறுவதையும் கேட்போமாக.