அறை மாறினால் நாள் நீளும்

ஆடி, ஆவணி மாதங்களில் வெளிநாட்டிலிருந்து கண்டிக்கு வரும் குடும்பங்களில், விமானச் சீட்டு எடுத்த கையோடு ஒரு வாக்குவாதம் தொடங்கிவிடும். ஆறு இரவையும் வாவிக்கரைப் பக்கம் ஒரே ஹோட்டலில் கழித்துவிடலாம், பெட்டியை ஒருமுறை அவிழ்த்தால் போதும் என்பார் ஒருவர். மூன்று இரவு கண்டி, மூன்று இரவு மேலே மலையூரான மடுல்கெல்ல என்று பிரித்துக்கொள்வோம் என்பார் இன்னொருவர். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 1971இல் திறக்கப்பட்ட வால்ட் டிஸ்னி வேர்ல்டுக்குக் குழந்தைகளைக் கூட்டிப் போகிறவர்கள் மத்தியிலும் இதே விவாதம் உண்டு. அந்த வளாகத்துக்குள்ளேயே இருபதுக்கும் மேற்பட்ட ஹோட்டல்கள் இருக்கின்றன. ஒரே விடுமுறையை இரண்டு மூன்று ஹோட்டல்களுக்குப் பங்கிட்டுத் தங்குகிறவர்கள் அங்கே ஏராளம்.

காசு, பெட்டி, வேன் வாடகை சம்பந்தப்பட்ட விஷயம்போல இது தெரியும். ஆனால் கடந்த அறுபது ஆண்டு மூளை ஆராய்ச்சி இந்த வாக்குவாதத்துக்குள் நுழைந்து, இரண்டு தரப்புக்கும் ஆளுக்கொரு சான்றைக் கொடுத்திருக்கிறது. பிரித்துத் தங்குவது நினைவுக்கு நல்லது, உறக்கத்துக்குக் கெட்டது. இது பழகிய இடமா, புது இடமா என்று மூளை ஓயாமல் பார்த்துக்கொண்டே இருப்பதிலிருந்துதான் இந்த லாபமும் பிறக்கிறது, நட்டமும் பிறக்கிறது. எனக்கு வியப்புத் தீராத இடம் இதுதான்.

முதலில் மலையைப் பார்ப்போம். கண்டி நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வத்தேகமவைத் தாண்டி, பன்வில வழியாக வளைந்து வளைந்து ஏறி மடுல்கெல்லவை அடையும்போது ஏறக்குறைய 1,000 மீட்டருக்கு வந்துவிடுவோம். காற்றைச் சூடாக்குவது பெரும்பாலும் நேர் வெயில் அல்ல, வெயிலில் சுட்ட தரை. அங்கிருந்து மேலெழும் காற்று, உயரத்தில் அழுத்தம் குறையக் குறைய விரிந்து குளிர்கிறது. சராசரிக் கணக்கில் 100 மீட்டருக்கு 0.65 பாகை செல்சியஸ். 500 மீட்டருக்கு மூன்று பாகைக்குச் சற்று மேல். மூன்று பாகை என்றால் கேட்பதற்கு அற்பம். கண்டியில் மின்விசிறியைப் போட்டுக்கொண்டு படுத்தவர், அடுத்த இரவு மடுல்கெல்லவில் இரண்டாவது போர்வை கேட்பார்.

இரவில் இன்னொன்றும் நடக்கிறது. தெளிந்த வானத்தின் கீழ் மலைச்சரிவுகள் தம் வெப்பத்தை வேகமாக இழக்கின்றன. அவற்றைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்று குளிர்ந்து, கனத்து, சரிவு வழியே வழிந்து கீழே தும்பறைப் பள்ளத்தாக்கில் தேங்குகிறது. அதிலுள்ள நீராவி ஒடுங்கிப் பனிமூட்டமாகிறது. கண்டியில் விடியும்போது அந்த மூட்டம் தலைக்கு மேல் இருக்கும். மடுல்கெல்லவில் விடியும்போது அதே மூட்டம் காலுக்குக் கீழ் இருக்கும். ஒரே காலை, ஒரே மூட்டம், இரண்டு பக்கத்திலிருந்து.

மடுல்கெல்லவுக்குப் பின்னால் எழுவது நக்கிள்ஸ் மலைத்தொடர். மடக்கிய கைமுட்டியின் கணுக்களைப்போலச் சிகரங்கள் தெரிந்ததால் ஆங்கிலேயர் அப்படிப் பெயர் வைத்தார்கள். 2010இல் இது மத்திய மலைநாட்டின் மற்ற இரண்டு பகுதிகளோடு சேர்ந்து யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. இத்தொடர் பருவக்காற்றுகளின் பாதைக்குக் குறுக்கே நிற்கிறது. மே தொடங்கி செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று மேற்குச் சரிவுகளை நனைக்கும். கோர்பெட்ஸ் கேப் கணவாயைக் கடந்து மீமுரே பக்கம் இறங்கினால், அங்கே பெருமழை ஆண்டின் கடைசியில் வடகீழ்ப் பருவக்காற்றோடுதான் வரும். ஒரே மாவட்டத்துக்குள் ஒரு பகல் பயணத்தில் வானிலை, செடி கொடி, மண்ணின் நிறம், இரவின் ஒலி எல்லாம் மாறிவிடுகின்றன. பிரித்துத் தங்குவது பற்றிய ஆய்வுக்கு இதைவிடப் பொருத்தமான ஆய்வுகூடம் அமையுமா என்று தெரியவில்லை.

இனி மூளைக்குள் போகலாம். 1971இல் லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் ஜோன் ஓ’கீஃப் ஓர் எலியின் மூளையில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் நுண்ணிய மின்முனைகளைப் பொருத்தி அதை நடமாட விட்டார். சில நரம்புக் கலங்கள் எலி ஒரு குறிப்பிட்ட மூலையில் நிற்கும்போது மட்டும் துடித்தன. வேறு சில வேறோர் இடத்தில். இடமறியும் இந்தக் கலங்கள் சேர்ந்து அறையின் படத்தை மூளைக்குள் வரைகின்றன. இந்தக் கண்டுபிடிப்புக்கு அவர் 2014இல் நொபெல் பரிசு பெற்றார். அவரோடு பகிர்ந்துகொண்டவர்கள் நோர்வேயின் மே-பிரிட் மோசர், எட்வர்ட் மோசர் இருவரும். வலிப்பு நோய்ச் சிகிச்சைக்காக மூளையில் மின்முனை பொருத்தப்பட்டிருந்தவர்களின் ஒத்துழைப்போடு, மனிதர்களிடமும் இத்தகைய கலங்கள் இருப்பதாக 2003இல் அறிக்கை வெளிவந்தது.

எலியை வேறு அறைக்கு மாற்றினால் என்ன ஆகும்? பழைய படத்தைக் கொஞ்சம் திருத்திக்கொள்ளும் என்றுதானே நினைப்போம். மோசர்களின் ட்ரொன்ட்ஹைம் ஆய்வுகூடம் 2014இல் எலிகளைப் பதினொரு வெவ்வேறு அறைகளுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தது. வடிவிலும் அளவிலும் அந்த அறைகள் ஒன்றையொன்று ஒத்தவைதான். ஆனாலும் பதினொரு அறைக்கும் பதினொரு தனித்தனிப் படங்கள் உருவாயின. ஓர் அறையில் துடித்த கலங்களுக்கும் இன்னோர் அறையில் துடித்தவற்றுக்கும் இடையே ஒற்றுமை மிக மிகச் சொற்பம். மூளை பழைய தாளைத் திருத்தவில்லை. ஒவ்வொரு கதவுக்குள்ளும் புதுத் தாள் எடுத்தது.

நாம் ஒரு விடுமுறையை நினைத்துப் பார்க்கும்போது இந்தத் தாள்கள் பயன்படுகின்றன. நடந்தது எங்கே நடந்தது என்பது நினைவைத் திறக்கும் வலுவான திறவுகோல்களில் ஒன்று. 1975இல் டங்கன் கோடன், அலன் பட்லி என்ற இரு ஆய்வாளர்கள் ஸ்கொட்லாந்துக் கடலில் முக்குளிப்பவர்களுக்குச் சொற்பட்டியல்களைக் கொடுத்தார்கள். நீருக்குள் படித்த சொற்கள் நீருக்குள்ளும், கரையில் படித்தவை கரையிலும் நன்றாக நினைவுக்கு வந்தன. 1978இல் ஸ்டீவன் ஸ்மித்தும் உடன் ஆய்வாளர்களும் ஒரே சொற்பட்டியலைச் சிலருக்கு ஒரே அறையில் இருமுறையும், சிலருக்கு இரண்டு அறைகளில் ஒவ்வொன்றிலும் ஒருமுறையும் படிக்கக் கொடுத்தார்கள். பின்பு புதிய அறை ஒன்றில் சோதித்தபோது, இரண்டு அறைகளில் படித்தவர்களே தெளிவாக முந்தினார்கள். பின்வந்த சோதனைகள் எல்லாவற்றிலும் இதே அளவு வித்தியாசம் கிட்டவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் இடம் நினைவுக்குப் பிடிமானம் தருகிறது என்ற அடிப்படை நிற்கிறது.

ஆறு நாளும் ஒரே அறையில் விழித்தால், ஆறு காலைகளும் ஒரே தாளில் ஒன்றன்மேல் ஒன்றாக எழுதப்படுகின்றன. ஊர் திரும்பிய பிறகு எந்த நாள் எது என்று பிரிக்க முடிவதில்லை. இடம் மாறியவருக்கோ, தலதா மாளிகை மேளச்சத்தம் ஒரு தாளில், தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாடும் பச்சை வாசம் இன்னொரு தாளில். பலவகை அனுபவங்கள் நிறைந்த நாட்கள் கழியும்போது விரைவாகவும் பின்னோக்கிப் பார்க்கையில் நீளமாகவும் தோன்றும் என்று உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890இலேயே எழுதிவிட்டார். அதே ஆறு இரவுதான். திரும்பிப் பார்க்கையில் நீண்டு தெரிகிறது.

இங்கே ஒரு கறாரான கருத்து எனக்கு உண்டு. ஒரே வீதியில் ஒரே மாதிரியான மூன்று ஹோட்டல்களுக்கு மாறி மாறிப் பெட்டி தூக்குவதில் பெரிய பயன் இல்லை. எலிக்கு அறை மாறினாலே போதும். மனிதருக்கு நாள் முழுவதும் மாற வேண்டும். காலையில் காதில் விழுவது, மூக்கில் ஏறுவது, நடக்கும்போது காலுக்குத் தெரியும் ஏற்றம், யாரோடு பேசுகிறோம் என்பது எல்லாம். மடுல்கெல்லவில் விடியற்காலை தோட்டத்துக் கோயில் ஒலிபெருக்கியில் பாட்டு எழும். சற்று நேரத்தில் கூடையோடு மலைக்கு ஏறுபவர்களின் பேச்சு கேட்கும். லயங்களில் தலைமுறை தலைமுறையாக வாழும் மலையகத் தமிழரின் வேலைநாள் அது. தங்குமிடத்தின் ஜன்னலிலிருந்து தெரியும் அந்தப் பச்சை, அவர்கள் கொழுந்து பறித்துப் பறித்து இடுப்பளவில் நிறுத்திவைத்திருக்கும் பச்சை. கண்டியில் ஆறு இரவு இருந்தவர் அதைக் காரிலிருந்து பார்த்திருப்பார். ஓர் இரவு அங்கே உறங்கி எழுந்தவருக்கு அது ஓர் ஊர்.

சரி, நட்டம் எங்கே? முதல் இரவில்.

புதிய இடத்தில் முதல் இரவு உறக்கம் சரிவர வராது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். உறக்க ஆய்வுகூடங்களில் முதல் இரவுப் பதிவு எப்போதும் கோளாறாக இருப்பதை 1966இலேயே ஆய்வாளர்கள் எழுதிவைத்தார்கள். அதன்பின் நீண்ட காலம் அந்தப் பதிவைத் தூக்கிப் போட்டுவிட்டு இரண்டாம் இரவிலிருந்து கணக்கெடுப்பதே வழக்கமாயிற்று. 2016இல் அமெரிக்காவின் பிரவுண் பல்கலைக்கழகத்தில் மசாக்கோ தமாக்கி, யூக்கா சசாக்கி குழுவினர், தூக்கிப் போட்ட அந்த இரவையே எடுத்து ஆராய்ந்தார்கள். ஆழ்ந்த உறக்கத்தில் மூளையில் மெதுவான பேரலைகள் எழும். முதல் இரவில் அந்த அலைகள் வலப்பாதியில் ஒழுங்காக எழுந்தன. இடப்பாதியின் ஒரு வலையமைப்பில் மட்டும் தணிந்திருந்தன. உறங்குபவர் காதில் ஒரே மாதிரி ஒலியைத் தொடர்ந்து ஒலிக்கவிட்டு, நடுநடுவே வேறு சுருதியில் ஒன்றை நுழைத்தபோது, அந்தப் புது ஒலிக்கு இடப்பாதி கூடுதலாக அதிர்ந்தது. விழிப்பதும் சீக்கிரம் நடந்தது. பரணில் இருவர் காவலிருக்கும் இரவில் ஒருவர் கண்ணயர, மற்றவர் வரப்பைப் பார்த்துக்கொண்டிருப்பாரே, அப்படி.

டொல்பின்கள் பாதி மூளையால் உறங்குவது முன்பே தெரியும். பறவைகளிலும் உண்டு. 1999இல் வெளிவந்த ஓர் ஆய்வில், வரிசையாகப் படுத்த வாத்துகளில் நடுவில் இருந்தவை இரு கண்ணையும் மூடி உறங்கின. ஓரத்தில் இருந்தவை அடிக்கடி ஒரு கண்ணைத் திறந்துவைத்தன, அதுவும் கூட்டத்துக்கு வெளிப்பக்கம் பார்த்த கண்ணை. ஹோட்டல் கட்டிலில் நாம் செய்வது அவ்வளவு முழுமையானதல்ல. ஆனால் அந்தப் பழைய எச்சரிக்கையின் சாயல் நம்மிடமும் மிஞ்சியிருக்கிறது.

இதை மடுல்கெல்ல மலைக்குக் கொண்டுவந்து யோசியுங்கள். தேயிலைச் செடிகளுக்கு நடுவே கூடாரங்களில் தங்கவைக்கும் இடம் அங்கே இருக்கிறது. ஒலியைத் தடுப்பது சுவரின் எடை. எடை இருமடங்காகும்போது ஊடுருவும் ஒலி ஏறக்குறைய 6 டெசிபெல் குறையும் என்பது ஒலியியலின் பொதுக் கணக்கு. செங்கல் சுவரோடு ஒப்பிட்டால் கன்வஸ் துணிக்கு எடையே இல்லை. தவளையின் கூப்பாடு, காற்று, தூரத்து நாய், திடீரென விழும் மழை எல்லாம் நேரே காதுக்கு வரும். காவலிருக்கும் இடப்பாதிக்கு அன்று ஓய்வே கிடைக்காது. அதனால் மலையில் ஒரே ஓர் இரவு தங்கிவிட்டு, இரைச்சலாக இருந்தது, உறக்கமே இல்லை என்று இறங்கி வருகிறவர் மேல் எனக்கு வருத்தம்தான் வரும். அவர் காவல் இரவை மட்டும் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். காது அந்த ஒலிகளைப் பழகிக்கொள்ளும் இரண்டாம் இரவு வரை அவர் இருக்கவில்லை.

ஆகவே தினம் ஒரு ஹோட்டல் என்று திட்டம் போடுவது தவறு. ஒவ்வோர் இரவும் முதல் இரவாகிவிடும். ஓர் இடத்துக்குக் குறைந்தது இரண்டு இரவு, மலைக்கு மூன்று கொடுத்தால் மிக நல்லது. வயதானவர்களோ கைக்குழந்தையோ உடன் வந்தால் ஓர் இடத்தைக் குறைத்துக்கொள்ளலாம், இரவைக் குறைக்க வேண்டாம். எசல பெரஹரா ஊர்வல நாட்களில் கண்டி நகரத்தில் அறை கிடைப்பதும் அரிது, வாடகையும் ஏறிவிடும். அப்போது ஊர்வலம் பார்க்கும் இரவுகளை மட்டும் நகரத்தில் வைத்துக்கொண்டு மற்றவற்றை மேலே மாற்றுவது பணத்துக்கும் நல்லது.

எந்த வரிசையில் தங்குவது என்பதற்கு அந்த 2016ஆம் ஆண்டு ஆய்விலேயே ஒரு குறிப்பு இருக்கிறது. அதே ஆட்களை ஏறக்குறைய ஒரு வாரம் கழித்து அதே அறையில் மறுபடி உறங்கவைத்தார்கள். இடப்பாதியின் காவல் மறைந்துவிட்டது. இடையே பல இரவுகள் வேறெங்கோ உறங்கியிருந்தும், மூளை அந்த அறையை அந்நியமாகக் கருதவில்லை. ஆய்வுக்கு வந்தவர்கள் இளம் வயதினர், அறையும் ஆய்வுகூடத்து அறை. அதனால் இதை எல்லோருக்கும் அப்படியே பொருத்த முடியாது. இருந்தாலும் ஆறு இரவு கையில் இருக்கும் குடும்பத்துக்கு நான் சொல்வது: முதல் இரண்டு இரவு கண்டி, அடுத்த மூன்று மடுல்கெல்ல, கடைசி இரவுக்குக் கீழே இறங்கி முதலில் தங்கிய அதே ஹோட்டல். மறுநாள் கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு நீண்ட பயணம் இருக்கிறது. பதிவு செய்யும்போதே, முடிந்தால் அதே அறையையே கேட்டு வைத்துவிடுங்கள்.