துகளைத் தேடிய கைகள்

தேங்காயின் உள்ளே இருப்பதை அறிய அதனை உடைக்கிறோம். அணுவினும் நுண்ணிய துகள்களை ஆராயும் அறிவியலாளர்களும் துகள்களை மிகுந்த விரைவில் மோதவிடுகின்றனர். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. தேங்காயை உடைத்தால் முன்பே உள்ளே இருந்தது வெளிப்படும். துகள்கள் மோதும்போதோ, மோதலின் ஆற்றல் பொருளாக மாறி, முன்பு இல்லாத புதிய துகள்களும் தோன்றுகின்றன. அவ்வாறு தோன்றிய ஒரு துகளைக் கண்டறிந்தவர்களுள் ஒருவர் சாமுவேல் டிங்.

டிங் 1936ஆம் ஆண்டு அமெரிக்காவில் பிறந்தார். அவருடைய பெற்றோர் சீனர். பிறந்த சில மாதங்களில் அவர் சீனாவுக்குக் கொண்டு செல்லப்பட்டார். அங்கு நிகழ்ந்த போரினால் இளமையில் அவருக்குப் பள்ளிக்கல்வி ஒழுங்காக அமையவில்லை. பெற்றோரே வீட்டில் கற்பித்தனர். பின்னர் தைவானில் பயின்றார். 1956இல், தம் இருபதாம் வயதில், கையில் நூறு டாலருடன் அமெரிக்கா திரும்பினார். அப்போது அவருக்கு ஆங்கிலம் சிறிதளவே தெரியும். எனினும் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பயின்று, 1962இல் முனைவர் பட்டம் பெற்றார்.

நியூயார்க் மாநிலத்தின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் துகள் முடுக்கி ஒன்று இருந்தது. அதில் விரைவுபடுத்தப்பட்ட புரோட்டான்களை டிங்கின் குழுவினர் பெரிலியம் என்னும் உலோகத்தின்மீது மோதவிட்டனர். மோதலில் கனமான துகள் தோன்றினாலும் அது கண்ணிமைக்கும் நேரத்தினும் மிகக் குறுகிய பொழுதில் சிதைந்துவிடும். சில வேளைகளில் அது ஓர் எலக்ட்ரானாகவும் ஒரு பாசிட்ரானாகவும் பிரியும். அவ்விரண்டின் ஆற்றலையும், அவை பிரிந்து செல்லும் கோணத்தையும் அளந்தால், மறைந்துபோன துகளின் நிறையைக் கணக்கிட்டுவிடலாம்.

ஆனால் அத்தகைய இணை மிக அரிதாகவே தோன்றும். கோடிக்கணக்கான வேறு துகள்களின் நடுவே அதனைப் பிரித்தறிய வேண்டும். இதற்கெனப் பெரிய மின்காந்தங்களும் நுட்பமான உணர்கருவிகளும் கொண்ட அமைப்பைக் குழுவினர் உருவாக்கினர்.

1974இல் அவர்களுடைய வரைபடத்தில் ஊசிமுனை போன்ற ஒரு முகடு எழுந்தது. அது காட்டிய நிறை, புரோட்டானின் நிறையைவிட மூன்று மடங்குக்கும் அதிகம். அது புதிய துகளா, கருவியின் பிழையா? உடனே அறிவித்தால், பிழையை உண்மையென உரைக்க நேரலாம். காத்திருந்தால், பிறர் முந்திவிடலாம். டிங் சரிபார்ப்பதையே தேர்ந்தெடுத்தார். குழுவினர் மின்காந்தங்களின் மின்னோட்டத்தைக் குறைத்துப் பார்த்தனர். துகள்கள் கருவியின் வேறு பகுதிகள் வழியே சென்றன. ஆயினும் முகடு அதே நிறையில் நின்றது. அது கருவியின் பிழையன்று என்பது உறுதியாயிற்று.

இதற்கிடையில் கலிபோர்னியாவில் பர்ட்டன் ரிக்டரின் குழுவினர், எலக்ட்ரான்களையும் பாசிட்ரான்களையும் மோதவிட்டு அதே துகளைக் கண்டனர். 1974 நவம்பர் 11 அன்று இரு குழுவினரும் தம் முடிவை அறிவித்தனர். டிங் அதற்கு 'ஜே' என்றும், ரிக்டர் 'சை' என்றும் பெயரிட்டிருந்தனர். இன்றும் அத்துகள் 'ஜே/சை' என்ற இரட்டைப் பெயராலேயே வழங்குகிறது. 'சார்ம்' என்னும் நான்காம் வகைக் குவார்க் உண்டு என்பதற்கு அது சான்றாயிற்று. 1976இல் இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

நோபல் விருந்தில் டிங் தம் பெற்றோரின் மொழியாகிய சீனத்தில் உரையாற்றினார். மூளையால் உழைப்பவரே உயர்ந்தவர், கையால் உழைப்பவர் தாழ்ந்தவர் என்னும் பழைய எண்ணத்தை அவ்வுரையில் மறுத்தார். சோதனையின் அடித்தளமின்றி இயற்கை அறிவியல் நிற்காது என்பதை வளரும் நாடுகளின் மாணவர்கள் உணரவேண்டும் என்றும் விரும்பினார். கருவியைக் கட்டிய கைகளும், ஐயத்தை விடாத உள்ளமும் சேர்ந்தே அத்துகளைக் கண்டன.

சிந்தித்து எழுதுக

1. முகடு தோன்றியவுடன் டிங் அதனை அறிவிக்காதது ஏன்?
2. மின்னோட்டத்தைக் குறைத்த சோதனையால் தெளிவானது யாது?
3. உங்கள் வீட்டில் ஒருவர் கையால் செய்யும் வேலையைக் கவனித்து, அதில் அடங்கியுள்ள அறிவைப் பற்றி ஐந்து தொடர்கள் எழுதுக.