டன்னுக்குக் குறையும், மொத்தத்தில் கூடும்

ஐரோப்பிய ஒன்றியத்துக்குப் போகும் எஃகுக்கு 2026 ஜனவரி 1 முதல் கார்பன் எல்லை வரி கணக்கில் ஏறத் தொடங்கியிருக்கிறது. அதற்கான சான்றிதழ்களை இறக்குமதியாளர்கள் 2027 பிப்ரவரியிலிருந்து வாங்க வேண்டும். இதையொட்டி ஏற்காட்டிலிருந்தும் ஓமலூரிலிருந்தும் வந்த கடிதங்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைச் சுற்றுகின்றன: சேர்வராயன் மலைக்கு மேற்கே, மேச்சேரி அருகிலுள்ள பொட்டனேரி ஜேஎஸ்டபிள்யூ எஃகு ஆலை 2030க்குள் கரியமில வாயுவை 42 சதவீதம் குறைக்கப்போகிறதாமே?

அப்படி ஓர் உறுதியை நிறுவனம் தரவில்லை. ஒரு டன் கச்சா எஃகுக்கு வெளியேறும் வாயுவை 2005ஆம் ஆண்டு அளவிலிருந்து 42 சதவீதம் குறைத்து, 1.95 டன்னுக்குக் கீழே கொண்டுவருவோம் என்பதுதான் அது சொன்னது. குறைவது வீதம். மொத்தம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதற்கு இந்த இலக்கில் வரம்பே இல்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் புரியும். 2030-31க்குள் உற்பத்தித் திறனை 5 கோடி டன்னாக உயர்த்தவும் இந்நிறுவனம் திட்டமிட்டிருக்கிறது. அந்தத் திறன் முழுதும் ஓடி, எல்லா ஆலைகளும் 1.95 டன்னை எட்டினால் ஆண்டு உமிழ்வு 9.75 கோடி டன். 2023-24இல் துணை நிறுவனங்களையும் சேர்த்து உருக்கிய எஃகு 2.64 கோடி டன். அதை 2005ஆம் ஆண்டின் பழைய வீதத்திலேயே, அதாவது டன்னுக்குச் சுமார் 3.36 டன் என்று, உருக்கியிருந்தால்கூட உமிழ்வு 8.9 கோடி டன்னைத் தாண்டியிருக்காது. வாக்குறுதி முழுமையாக நிறைவேறிய பிறகும் வானத்துக்குப் போவது அதைவிட அதிகமாக இருக்கும்!

டன்னுக்குக் கொஞ்சம் நிலக்கரி மிச்சமாவது நல்லதுதான், அதை மறுக்கவில்லை. ஆனால் 'உமிழ்வைக் குறைக்கிறோம்' என்று விளம்பரத்தில் படிப்பவர் மொத்தம் குறைவதாகத்தானே எடுத்துக்கொள்வார்? அந்தப் புரிதலைத் திருத்த யாரும் முன்வருவதில்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது. அரசும் இதே அளவுகோலைத்தான் வைத்திருக்கிறது. இந்தியா உலகுக்குச் சொன்ன 45 சதவீதக் குறைப்பு, உள்நாட்டு உற்பத்தி மதிப்பின் ஒவ்வொரு ரூபாய்க்குமானது. கார்பன் சந்தைக்காக 2025 அக்டோபரில் அலுமினியம், சிமென்ட் உள்ளிட்ட துறைகளுக்கு வந்த இலக்குகளும் பொருளின் டன் கணக்குதான். புவியைச் சூடாக்குவதோ மொத்த அளவு.

மற்ற கேள்விகள்:

1.95 டன் என்பது பெரிய சாதனையா? 2023இல் உலகச் சராசரியே 1.92 டன், பழைய இரும்பை மறுபடி உருக்கும் ஆலைகளும் அதில் அடக்கம்.

சூரிய மின்சாரம் போதாதா? போதாது. ஊது உலையில் தாதுவிலிருந்து ஆக்சிஜனைப் பிரிப்பதே நிலக்கரியின் கார்பன்தான்.

2050க்குள் நிகர பூஜ்யம் என்கிறார்களே? அது மொத்தத்தைப் பற்றியதுதான். ஆனால் 24 ஆண்டு தள்ளியிருக்கிறது. அதுவரை சேரும் வாயு சேர்ந்ததுதான்.

ஏற்காட்டில் மரம் நட்டு ஈடுகட்டலாமா? வளர்ந்த மரம் ஆண்டுக்கு ஏறத்தாழ 20 கிலோ உறிஞ்சும். ஒரு டன் எஃகுக்கே நூறு மரம் ஓராண்டு உழைக்க வேண்டும்.

மலையடிவார வெள்ளைக்கல் (மாக்னசைட்) சூளைகள்? ஒரு டன் மாக்னசைட்டைச் சுட்டால், எரிபொருள் தனி, கல்லே அரை டன்னுக்கு மேல் வாயு விடும்.

ஏற்காட்டு பாக்சைட் போன மேட்டூர் மால்கோ? அலுமினிய உருக்காலை 2008இலேயே நின்றது. அதன் உரிமையாளரான வேதாந்தா, 2021ஐ அடிப்படையாக வைத்து 2030க்குள் மொத்த உமிழ்வையே 25 சதவீதம் குறைப்பதாக அறிவித்தது. ஆக, மொத்தத்துக்கு இலக்கு வைக்கத் தொழில்துறைக்குத் தெரியாமலில்லை.

பொட்டனேரி ஆலையின் மொத்தம் மட்டும் எவ்வளவு? பட்டியலிடப்பட்ட முதல் 1,000 நிறுவனங்கள் மொத்த உமிழ்வை வெளியிட வேண்டும் என்று 2022-23 முதல் செபி கட்டாயமாக்கியிருக்கிறது. ஆனால் அதற்கான படிவம் கேட்பது நிறுவனம் முழுமைக்குமான எண், ஆலைவாரியாக அல்ல. ஆலைக்கான தனி எண்ணைக் கேட்டு வாங்கி மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.