மீனில்லாத ஆறு வாரங்கள்

அண்மையில் எங்கள் இதயப் பிரிவுக்கு மறுபரிசோதனைக்கு வந்த பெரியவர் ஒருவர், இரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, "என் பேரைச் சொல்லி ஏழு மீன் போய்விட்டது, சிஸ்டர்" என்றார். கூனிமேட்டைச் சேர்ந்தவர். அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவருக்குப் பொழுது போகட்டும் என்று பிள்ளைகள் ஒரு கண்ணாடித் தொட்டியை வாங்கிக் கட்டிலுக்கு எதிரே வைத்து, அன்று மாலையே மீன்களையும் விட்டிருக்கிறார்கள். மூன்றாம் நாள் ஒன்று, ஐந்தாம் நாள் இரண்டு. பத்து நாளுக்குள் தொட்டி வெறுமையாகிவிட்டது. வீட்டுக்கு வரவிருந்த கண்டத்தை மீன்கள் வாங்கிக்கொண்டன என்று அக்கம்பக்கத்தார் ஆறுதல் கூறினர். அவருக்கோ மீன்கள் தீர்ந்தபின் அடுத்தது தாம்தான் என்ற எண்ணம் வந்துவிட்டது. இரவில் உறக்கமில்லை.

இதய அறுவைக்குப் பிந்தைய வாரங்களில் உறக்கமின்மையும் மனச்சோர்வும் அலட்சியப்படுத்தத்தக்கவை அல்ல. எனவே அந்த மீன்கள் இறந்த காரணத்தை அவருக்கு விளக்கிச் சொன்னோம். மீன் வளர்க்கும் பிற குடும்பங்களுக்கும் பயன்படும் என்பதால் அதை இங்கே எழுதுகிறோம்.

மீன் தன் செவுள் வழியாக ஓயாமல் அம்மோனியாவை வெளியேற்றுகிறது. உண்ணாமல் விட்ட தீனியும் கழிவும் அழுகி மேலும் அம்மோனியாவைத் தருகின்றன. குளத்திலும் ஏரியிலும் இதை உண்டு வாழும் நுண்ணுயிரிகள் உள்ளன. ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. மற்றொரு வகை நைட்ரைட்டை, அவ்வளவாகத் தீங்கு செய்யாத நைட்ரேட்டாக மாற்றுகிறது. 1890ஆம் ஆண்டையொட்டி இந்த நுண்ணுயிரிகளைப் பிரித்தறிந்தவர் ருஷ்ய அறிஞர் வினோகிராட்ஸ்கி. கூனிமேட்டுக்கு அருகிலுள்ள கழுவேலி ஏரியின் சேற்றிலும் இதே வேலைதான் நடைபெறுகிறது. கடையிலிருந்து வந்த புதுத் தொட்டியிலோ, கழுவிய கூழாங்கற்களிலோ இவை போதிய அளவில் இருப்பதில்லை. நீர் பளிங்குபோல் தெளிந்திருக்கும். மீன் தன் கழிவிலேயே நஞ்சுண்டு கிடக்கும்.

நம் கடற்கரையில் ஒரு கூடுதல் இடர் உண்டு. இங்குள்ள ஆழ்குழாய் நீர் பெரும்பாலும் கடினமானது, காரத்தன்மை மிக்கது. அம்மோனியாவின் நச்சு வடிவம் காரநீரில்தான் பெருகும். பி.எச். அளவு 7 உள்ள நீரைவிட 8 உள்ள நீரில் அதே அம்மோனியா ஏறத்தாழ பத்து மடங்கு நஞ்சாகிறது. வெப்பமும் அதை மிகுவிக்கும். வேறோர் ஊரில் தப்பிப் பிழைத்திருக்கக்கூடிய மீன், சித்திரை மாதத்துக் கூனிமேட்டில் பிழைப்பது அரிது.

ஆகவே முதலில் நுண்ணுயிரிகளை வளர்த்துவிட்டு, அதன்பின் மீனை விட வேண்டும். மீன் வளர்ப்போர் இதைச் 'சைக்கிளிங்' என்பார்கள். பிளீச்சிங் பவுடர் கலந்த குழாய்நீரானால் ஒரு நாள் திறந்த வாளியில் வைத்திருந்து தொட்டியில் நிரப்புங்கள். குளோரின் நுண்ணுயிரிகளையும் கொல்லும். வடிகட்டியையும் காற்றுப் பம்பையும் இரவு பகலாக ஓட விடுங்கள், ஏனெனில் அவற்றுக்குப் பிராணவாயு தேவை. பிறகு நாள்தோறும் ஒரு சிட்டிகை மீன்தீனியைப் போடுங்கள். அல்லது உரிக்காத இறால் ஒன்றைச் சிறு வலைத்துணியில் கட்டித் தொங்கவிடுங்கள். கடலோர வீடுகளில் இறாலுக்குப் பஞ்சமில்லை. அது அழுகும்போது வரும் அம்மோனியாதான் நுண்ணுயிரிகளுக்கு உணவு. நாற்றம் சற்று இருக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

சொட்டு மருந்து விட்டு நிறம் பார்க்கும் சோதனைப் பெட்டி அலங்கார மீன் கடைகளில் கிடைக்கும். முதலில் அம்மோனியா ஏறும், பின்னர் அது இறங்க நைட்ரைட் ஏறும், அதுவும் இறங்க நைட்ரேட் மிஞ்சும். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் சுழியைத் தொட்டு அங்கேயே நிற்பதற்குப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். நோயற்ற பழைய தொட்டி வைத்திருக்கும் உறவினரிடம் வடிகட்டிப் பஞ்சின் ஒரு துண்டைக் கேட்டு வாங்கினால் இக்காலம் வெகுவாகக் குறையும். அந்தப் பஞ்சைக் குழாயடியில் கழுவக் கூடாது; தொட்டி நீரிலேயே அலச வேண்டும். இறுதியில் பாதி நீரை மாற்றிவிட்டு இரண்டு மூன்று மீன்களை மட்டும் விடுங்கள். மற்றவை பிறகு வரட்டும்.

ஏற்கெனவே மீன் விட்டுவிட்டவர்கள் தினமும் கால் பங்கு நீரை மாற்றித் தீனியைக் குறைக்கலாம். நைட்ரைட் மீனின் குருதியைப் பழுப்பாக்கிப் பிராணவாயுவை ஏந்தவிடாமல் செய்யும். உப்பிலுள்ள குளோரைடு அது செவுள் வழியே நுழைவதைத் தடுக்கும். மரக்காணத்து உப்பளத்துக் கல்லுப்பைப் பத்து லிட்டருக்கு ஒரு கிராம் வீதம் கரைத்து ஊற்றினால் போதும். இதே நோய் மனிதக் குழந்தைகளுக்கும் உண்டு. நைட்ரேட் மிகுந்த கிணற்று நீரில் பால்பொடி கரைத்துக் கொடுத்தால் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையின் உடல் நீலம் பாரிக்கலாம். குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராம் என்பது இந்தியத் தர நிர்ணயம் வகுத்த வரம்பு. கொதிக்க வைத்தால் நைட்ரேட் குறையாது, செறிவே கூடும்.

மருத்துவமனை என்ற முறையில் இரண்டு செய்திகள். வீட்டில் மிஞ்சிய ஆன்டிபயாடிக் மாத்திரையை நோயுற்ற மீனுக்குப் போடாதீர்கள். ஆறு வாரமாக வளர்த்த நுண்ணுயிரிகளும் அதில் மடியக்கூடும். புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்களும் உறுப்பு மாற்றம் செய்துகொண்டவர்களும் கையில் புண் உள்ள சர்க்கரை நோயாளிகளும் தொட்டிக்குள் கைவிட வேண்டாம். மீன்தொட்டி நீரிலிருந்து தொற்றும் ஒருவகைக் கிருமி விரலில் ஆறாத புண்களை உண்டாக்கும். தொட்டியைச் சுத்தம் செய்யும் வேலையை வீட்டில் வேறொருவர் ஏற்கட்டும். நோயாளி பார்த்து மகிழட்டும்.

கூனிமேட்டுப் பெரியவர் அதே தொட்டியைக் கழுவி மீண்டும் நீர் நிரப்பியிருக்கிறார். மருமகள் கொடுத்த இறால் ஒன்று வலைத்துணியில் தொங்குகிறது. சோதனைப் பெட்டியின் நிறங்களை நாட்காட்டியின் ஓரத்தில் அவரே எழுதி வருகிறார். நாலாவது வாரம் தொலைபேசியில் பேசியபோது நைட்ரைட் இன்னும் ஊதாவாகத்தான் இருக்கிறது என்றார். இரவில் உறங்குகிறாரா என்று கேட்டோம். பம்பு சத்தம்தான் கொஞ்சம் தொந்தரவு என்றார்.