செல்லப்பிராணிக்கு மருத்துவரைத் தேர்வு செய்வது எப்படி? செலவைச் சமாளிப்பது எப்படி? – ஒரு விளக்கம்

புது தில்லி: வாந்தியும் ரத்தம் கலந்த வயிற்றுப்போக்குமாக மூன்று மாத நாய்க்குட்டி ஒன்று நள்ளிரவில் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படுகிறது. தடுப்பூசி அட்டை இல்லை. பார்வோ வைரஸ் தொற்று என்பது பரிசோதனையில் தெரியவருகிறது. சில நாள்கள் உள்நோயாளியாக வைத்திருந்து, நரம்பு வழியாகத் திரவம் செலுத்த வேண்டும் என்றும், அதற்கு முன்பணம் கட்ட வேண்டும் என்றும் கூறப்படுகிறது. அந்தத் தொகை, நோயைத் தடுத்திருக்கக்கூடிய தடுப்பூசியின் விலையைப் போலப் பல மடங்கு. குடும்பத்தினர் முடிவெடுப்பதற்கு இருப்பதோ சில நிமிடங்களே.

நாட்டின் பெருநகரங்களிலும் சிறு நகரங்களிலும் நாய், பூனை வளர்ப்போர் எதிர்கொள்ளும் சூழல் இது. எந்த மருத்துவரிடம் செல்வது, பணத்துக்கு என்ன வழி என்ற இரு கேள்விகளுக்கும் பிராணி நலமாக இருக்கும்போதே விடை தேடிக்கொண்டால், நெருக்கடி நேரத்தில் உயிரையும் பணத்தையும் ஒருசேரக் காக்க இயலும்.

யார் கால்நடை மருத்துவர்?

இந்திய கால்நடை மருத்துவ கவுன்சில் சட்டம், 1984-இன்படி, பதிவு பெற்ற கால்நடை மருத்துவர் மட்டுமே நாட்டின் எந்த மாநிலத்திலும் இத்தொழிலைச் செய்ய முடியும். சட்டப்படி தேவைப்படும் கால்நடை நலச் சான்றிதழில் கையொப்பமிடும் உரிமையும் அவருக்கே உண்டு. கால்நடை மருத்துவம் மற்றும் கால்நடை பராமரிப்பியலில் இளநிலைப் பட்டம் பெற்று, மாநில கால்நடை மருத்துவ கவுன்சிலில் பெயரைப் பதிவு செய்தவரே இத்தகுதிக்கு உரியவர். பட்டயம் அல்லது சான்றிதழ் பெற்ற உதவியாளர்கள், மாநில அரசின் அனுமதி இருந்தால், பதிவு பெற்ற மருத்துவரின் மேற்பார்வையில் சிறு சிகிச்சைகளை மட்டும் வழங்கலாம்.

எனவே, மருந்துக்கடைப் பணியாளர், நாய்க்குட்டி விற்பனையாளர், நாய்ப் பயிற்சியாளர் ஆகியோர் குறைந்த விலையில் தடுப்பூசி போடுவதாகக் கூறினால், அதை ஏற்பது ஆபத்தானது. தடுப்பூசிகளைப் பொதுவாக 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் வைத்திருக்க வேண்டும். அந்தக் குளிர்நிலை தவறினால் மருந்து வீரியம் இழக்கும். ஊசி போட்ட பிறகும் பாதுகாப்பு கிடைக்காது. மேலும், தில்லி மாநகராட்சிச் சட்டத்தைப் போன்ற உள்ளாட்சிச் சட்டங்கள் வளர்ப்பு நாய்களைப் பதிவு செய்வதைக் கட்டாயமாக்கியுள்ளன. அப்பதிவுக்கும், பயணத்துக்கும் கேட்கப்படும் சான்றிதழில் பதிவு பெறாதவர் இடும் கையொப்பம் செல்லாது.

மருத்துவரின் பதிவு எண்ணைக் கேட்பது அவரை அவமதிப்பதாகாது. பெயர்ப்பலகையிலோ மருந்துச் சீட்டிலோ அந்த எண் காணப்படாவிட்டால் நேரடியாகக் கேட்கலாம். மாநில கவுன்சிலில் விசாரித்தும் உறுதி செய்துகொள்ளலாம்.

முதல் சந்திப்பில் கவனிக்க வேண்டியவை

பிராணி நோயுறும் வரை காத்திராமல், பொதுப் பரிசோதனைக்காக ஒருமுறை சென்று வருவதே மருத்துவரை அறிந்துகொள்ளும் எளிய வழி. எடையும் உடல் வெப்பமும் குறிக்கப்படுகின்றனவா, பற்கள், காதுகள், வயிறு ஆகியவை தொட்டுப் பார்க்கப்படுகின்றனவா, உணவு பற்றிக் கேட்கப்படுகிறதா என்பதை அப்போது கவனிக்கலாம். தடுப்பூசி போட்டபின் குப்பியின் ஒட்டுச்சீட்டு அட்டையில் ஒட்டப்பட்டு, தொகுதி எண்ணும் அடுத்த தேதியும் எழுதப்பட வேண்டும்.

ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, ஸ்கேன் ஆகிய வசதிகள் அங்கேயே உள்ளனவா அல்லது வெளியே அனுப்பப்படுமா என்பதைக் கேட்டறிய வேண்டும். அறுவை சிகிச்சையின்போது மயக்க நிலையைக் கண்காணிப்பவர் யார், தொற்று நோயுள்ள பிராணிகளுக்குத் தனியிடம் உண்டா, இரவிலும் விடுமுறை நாள்களிலும் யாரை அணுகுவது என்பவையும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டியவை. பூனை, பறவை, முயல் வளர்ப்போர், அவ்வகைப் பிராணிகளுக்குச் சிகிச்சை அளித்துப் பழகிய மருத்துவரையே தேடுவது நல்லது.

தமக்குப் பழக்கமில்லாத நோய் என்றால் வேறொரு மருத்துவரிடம் அனுப்பத் தயங்காதவரும், பரிசோதனை முடிவுகளின் நகலைக் கேட்டவுடன் தருபவரும் நம்பிக்கைக்குரியவர்கள். சிகிச்சைப் பதிவுகள் கையில் இருந்தால், இரண்டாவது மருத்துவரிடம் அதே பரிசோதனைகளுக்கு மீண்டும் பணம் செலுத்த வேண்டியிராது.

அரசு மருத்துவமனையா, தனியார் மருத்துவமனையா?

தனியார் கால்நடை மருத்துவமனைகளின் கட்டணத்தை நிர்ணயிக்கும் மத்திய சட்டம் ஏதும் இல்லை. மருத்துவ நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் 2010-ஆம் ஆண்டின் மத்திய சட்டம் மனிதர்களுக்கான மருத்துவ முறைகளை மட்டுமே உள்ளடக்கியது. வாடகை, கருவிகள், இரவுப் பணியாளர் ஊதியம் ஆகியவற்றைப் பொறுத்து ஒரே நகரின் இரு பகுதிகளில் ஒரே அறுவை சிகிச்சைக்கு வெவ்வேறு தொகை கேட்கப்படுவது இதனால்தான்.

மாநில கால்நடைப் பராமரிப்புத் துறைகளின் மருத்துவமனைகளில் கட்டணம் மிகக் குறைவு. பணி நேரம் வரையறுக்கப்பட்டது, பல இடங்களில் பண்ணைக் கால்நடைகளுக்கே முன்னுரிமை தரப்படுகிறது என்பவை அவற்றின் குறைகள். ஆயினும் தடுப்பூசி, குடற்புழு நீக்கம், காயங்களுக்கு மருந்திடுதல் போன்ற தேவைகளுக்கு அவை போதுமானவை.

சிக்கலான நோய்களுக்குக் கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் மருத்துவமனைகள் சிறந்த தேர்வாக அமையும். மும்பையின் பரேல், பெங்களூருவின் ஹெப்பால், லூதியானா, சென்னையின் வேப்பேரி ஆகிய இடங்களில் உள்ள கல்லூரிகளில் துறைவாரியான நிபுணர்கள் உள்ளனர். அங்கு வரிசையில் காத்திருக்க வேண்டிவரும். மாணவர்கள் சூழ நின்று கவனிப்பார்கள். ஆனால் செலவு பெருமளவு குறையும். பிராணிகள் வதைத் தடுப்புச் சங்கங்கள் நடத்தும் மருத்துவமனைகளும் சில நகரங்களில் குறைந்த கட்டணத்தில் சேவை வழங்குகின்றன.

1962 என்ற கட்டணமில்லா எண்ணில் இயங்கும் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திகள், மத்திய அரசின் கால்நடை நலம் மற்றும் நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்கீழ் முதன்மையாக விவசாயிகளின் கால்நடைகளுக்காக ஏற்படுத்தப்பட்டவை. நகரத்துச் செல்லப்பிராணியின் அவசரத்துக்கு அவற்றை மட்டும் நம்பியிருக்க இயலாது.

வருமுன் காப்பதே முதல் சேமிப்பு

நாய்க்குட்டிகளுக்கு 6 முதல் 8 வார வயதில் தொடங்கி, 16 வாரம் வரை 3 முதல் 4 வார இடைவெளியில் பார்வோ, டிஸ்டெம்பர் உள்ளிட்ட நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி போடப்படுகிறது. ரேபிஸ் தடுப்பூசி சுமார் 3 மாத வயதில் போடப்பட்டு, மருத்துவர் குறிக்கும் தேதிகளில் தொடரப்படுகிறது. ரேபிஸ் அறிகுறிகள் தோன்றிவிட்டால் அது விலங்குக்கும் மனிதருக்கும் ஏறத்தாழ எப்போதும் உயிரைப் பறிக்கும் நோய் என்பதால், இந்த ஊசியில் சிக்கனம் பார்ப்பது குடும்பத்தையே ஆபத்தில் தள்ளும். மழைக்காலத்தில் எலிச் சிறுநீர் கலந்த நீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் நோய்க்கும் தடுப்பூசி உண்டு.

இந்தியாவின் தட்பவெப்பத்தில் உண்ணிகள் ஆண்டின் பெரும்பகுதி காணப்படுகின்றன. அவை பரப்பும் எர்லிக்கியா, பபேசியா நோய்கள் ரத்த அணுக்களைப் பாதிப்பவை; முற்றினால் ரத்தம் ஏற்றும் நிலையும் வரலாம். மாதந்தோறும் உண்ணித் தடுப்பு மருந்துக்கு ஆகும் செலவு, அச்சிகிச்சையுடன் ஒப்பிடுகையில் சிறியது. கருத்தடை செய்யப்படாத பெண் நாய்களுக்குப் பிற்காலத்தில் கருப்பையில் சீழ் கோக்கும் நோய் வர வாய்ப்புண்டு. அப்போது அவசரமாகச் செய்யப்படும் அறுவை சிகிச்சை, திட்டமிட்டுச் செய்யும் கருத்தடையைவிடச் செலவும் ஆபத்தும் மிகுந்தது.

உடல் பருமனைத் தவிர்ப்பதும், பற்களைச் சுத்தமாக வைத்திருப்பதும் பணம் கேட்காத பராமரிப்பு முறைகள்.

சிகிச்சைக்கு முன் கேட்க வேண்டியவை

உள்நோயாளியாகச் சேர்ப்பதற்கு முன், குறைந்தபட்ச, அதிகபட்சத் தொகைகளுடன் மதிப்பீட்டை எழுத்தில் பெற வேண்டும். குறிப்பிட்ட தொகையைத் தாண்டும் நிலை வந்தால் முன்னதாகத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்ளலாம். ஒவ்வொரு பரிசோதனையின்போதும் எழுப்ப வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இதன் முடிவு சிகிச்சையை மாற்றுமா? மாற்றாது என்றால் அப்பரிசோதனையைத் தள்ளிவைக்க முடியுமா என்று பேசிப் பார்க்கலாம்.

தம்மால் எவ்வளவு செலவிட இயலும் என்பதைத் தயக்கமின்றி மருத்துவரிடம் கூறுவது நல்லது. பல நோய்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட சிகிச்சை வழிகள் உள்ளன. தொகை தெரிந்தால், மருத்துவர் அதற்கேற்ப முதன்மையானவற்றை முதலில் செய்யவும், சிலவற்றை வீட்டிலேயே தொடரவும் வழி கூறுவார். மருந்துச் சீட்டைப் பெற்று வெளிக்கடைகளில் விலையை ஒப்பிட்டு வாங்குவதற்கும் தடையில்லை.

கால்நடை மருத்துவ நிலையங்கள் அளிக்கும் சிகிச்சைச் சேவைக்குச் சரக்கு மற்றும் சேவை வரி விலக்கு அளிக்கப்பட்டுள்ளது. உணவு, கழுத்துப்பட்டை போன்ற பொருள்களுக்கு அவ்விலக்கு பொருந்தாது என்பதால், ரசீதில் இரண்டும் தனித்தனியே காட்டப்பட்டுள்ளனவா என்று பார்ப்பது அவசியம்.

காப்பீடும் சேமிப்பும்

சில பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் நாய், பூனைகளுக்கான காப்பீட்டை வழங்குகின்றன. கால்நடைக் காப்பீட்டின் வழிவந்த திட்டங்களில் பிராணியின் இறப்புக்கு மட்டுமே இழப்பீடு கிடைக்கலாம். மருத்துவச் செலவுக்குத் தனிப் பிரிவு தேவைப்படலாம். நுழைவு வயது, காத்திருப்புக் காலம், ஏற்கெனவே உள்ள நோய்கள், ஒவ்வொரு சிகிச்சைக்கான உச்சவரம்பு ஆகியவற்றைப் படித்துப் பார்த்தே கையொப்பமிட வேண்டும். தடுப்பூசி போடப்படாததால் வந்த நோய்க்குப் பொதுவாக இழப்பீடு மறுக்கப்படும் என்பதால், தடுப்பூசி அட்டை இங்கும் முக்கிய ஆவணமாகிறது.

காப்பீடு வேண்டாம் என்போர், மாதம் 1,000 ரூபாயைத் தனிக் கணக்கில் ஒதுக்கினால், மூன்று ஆண்டுகளில் 36,000 ரூபாய் சேரும். நோயே வராவிட்டாலும் அத்தொகை முதுமைக்காலப் பராமரிப்புக்குப் பயன்படும்.

தவிர்க்க வேண்டியவை

செலவைக் குறைக்க எண்ணி வீட்டில் உள்ள மாத்திரைகளைக் கொடுப்பது உயிருக்கே ஆபத்தாக முடியும். பாராசிட்டமால் பூனைகளுக்கு நஞ்சு. இபுபுரூஃபென் நாய்களின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும். மூச்சுத் திணறல், வலிப்பு, வீங்கி இறுகிய வயிறு, ஆண் பூனை சிறுநீர் கழிக்க முடியாமல் தவிப்பது ஆகியவை காலை வரை காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்.

செலவைத் தாங்க முடியாமல் பிராணியைத் தெருவில் விட்டுவிடுவோரும் உள்ளனர். பசியாலும் தாகத்தாலும் துன்புறும் நிலையில் ஒரு விலங்கைத் தக்க காரணமின்றிக் கைவிடுவது, பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம், 1960-இன் 11-ஆவது பிரிவின்படி குற்றமாகும்.

குறை இருந்தால் எங்கு முறையிடுவது?

மருத்துவரின் தொழில் ஒழுக்கம் தொடர்பான புகாரை மாநில கால்நடை மருத்துவ கவுன்சிலிடம் அளிக்கலாம். கட்டணம் செலுத்திப் பெற்ற சேவையில் குறைபாடு இருந்தால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம்; நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்கீழ் மாவட்ட ஆணையத்தையும் அணுகலாம். எழுத்து வடிவ மதிப்பீடு, ரசீதுகள், பரிசோதனை அறிக்கைகள் ஆகியவையே அங்கு சான்றாகும். ஆனால், சிகிச்சை பலனளிக்கவில்லை என்பது மட்டுமே கவனக்குறைவுக்கு ஆதாரமாகிவிடாது.

பிராணியை வீட்டுக்குக் கொண்டுவரும் வாரத்திலேயே மருத்துவரின் தொலைபேசி எண், இரவில் இயங்கும் மருத்துவமனையின் முகவரி, தடுப்பூசி அட்டை, ஒதுக்கிய சிறு தொகை ஆகிய நான்கையும் தயாராக வைத்துக்கொண்டால், நள்ளிரவில் எடுக்க வேண்டிய முடிவுகளில் பாதி முன்பே எடுக்கப்பட்டிருக்கும்.