கதையில் வரும் ஆயுதம்

கல்லூரியில் படித்த நாளில் நண்பர்கள் நால்வர் கூடி ஒரு தொடர்கதை எழுதத் தொடங்கினோம். ஒரே நோட்டுப் புத்தகம், ஆளுக்கோர் அத்தியாயம். எழுதி முடித்தவர் புத்தகத்தை அடுத்தவரிடம் கொடுத்துவிட வேண்டும். தம் மனத்தில் உள்ளதை வாயால் விளக்கக்கூடாது. கதை நிகழும் ஆண்டு 1801. களம் காளையார்கோயில் காடு. மருது சகோதரர்கள் கும்பினிப் படையை எதிர்த்து நின்ற போர்.

முதல் அத்தியாயம் என்னுடையது. "வீரன் தன் வளரியை உருவினான்" என்று முடித்தேன். 'உருவினான்' என்னும் சொல் எத்துணை மிடுக்காக இருக்கிறது என்ற பெருமிதம் வேறு!

இரண்டாம் நண்பர் வளரியைக் கண்டறியாதவர். உருவியது குறுவாளாகத்தானே இருக்கும் என்றெண்ணி, அதைப் பகைவன் மார்பில் பாய்ச்சிவிட்டார். மூன்றாமவர் ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் பூமராங்கைப் பற்றிப் படித்திருந்தார். அவர் கையில் அதே வளரி, பகைவனைத் தாக்கிவிட்டு வட்டமிட்டு வீரனிடமே திரும்பி வந்தது. நான்காமவர் சிவகங்கைச் சீமையைச் சேர்ந்தவர். அவர் விடுதியில் பலர் முன்னிலையில் இவற்றை உரக்கப் படித்தார். எல்லாரும் நகைத்தனர். இரண்டாம் நண்பர் அதன்பின் அந்தப் புத்தகத்தைத் தொடவே இல்லை. பிழை அவருடையதன்று, உறையே இல்லாத கருவியை உருவச் சொன்னவன் நான் அன்றோ?

வளரி பிறைபோல் வளைந்த எறிபடை. மரத்தாலும் இரும்பாலும் செய்வர். தந்தத்தால் ஆனவையும் உண்டு. ஒரு முனை மெலிந்து பிடியாக அமையும், மறுமுனை கனத்திருக்கும். சின்ன மருதுவிடமே வளரி வீசக் கற்ற வெல்ஷ் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி, தேர்ந்தவன் வீசினால் 100 கஜத்துக்குள் அது குறி தப்பாது என்று 1830-இல் வெளியான தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். ஆளைத் தாக்கி விழுந்த வளரியோ விழுந்த இடத்திலேயே கிடக்கும். வீசியவன் வெறுங்கையனாக நிற்பான்.

இந்தக் கடைசிச் செய்தியைத்தான் நான் முதலில் எழுதியிருக்க வேண்டும். கூடி எழுதும் கதையில் அடுத்தவர்க்குப் பெரிதும் பயன்படுவது ஆயுதத்தின் குறையே. கும்பினிச் சிப்பாயின் துப்பாக்கியை நோக்குங்கள். குழல்வாய் வழியே மருந்தும் குண்டும் இட்டுக் கம்பியால் இடிக்கவேண்டும். நன்கு பழகியவனும் நிமிடத்துக்கு இரண்டு மூன்று முறைதான் சுடமுடியும்; மருந்து நனைந்தால் அதுவும் இல்லை. இவ்வளவையும் ஒருவர் சொல்லிவைத்தால், சிப்பாய் கம்பியைக் குழலில் செலுத்தும் அந்த இடைவேளையில் வீரனை ஓடவிடலாமா, பாயவிடலாமா என்று அடுத்தவர் தாமே கண்டுகொள்வார்.

மாணவர் பலர் வாளின் பிடியில் பதித்த மணிகளை அரைப்பக்கம் வருணிப்பர். வாளின் நீளத்தைக் கூறார். பதிக்கவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. புறநானூற்றின் 95-ஆம் பாட்டில் ஔவையார் தொண்டைமானின் படைக்கலங்களுக்குப் பீலியும் மாலையும் அணிவித்தே காட்டுகிறார். ஆனால் அதியமானின் வேல்களோ நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன. எவருடைய ஆயுதம் போர் கண்டது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. அங்கே அணியும் செய்தி சொல்கிறது.

என் பழைய வாக்கியத்தை இன்று எழுதுவதானால் இப்படி எழுதுவேன்: "வீரன் இடுப்பிலிருந்த இரும்பு வளரியை எடுத்து, மெலிந்த முனையைப் பற்றித் தோளுக்குப் பின்னே ஓங்கினான். பகைவன் 40 அடித் தொலைவில் நின்றான். வீரனிடம் இருந்தது அந்த ஒரு வளரிதான்."

அவன் அதை வீசினானா, தயங்கினானா என்பது இரண்டாம் நண்பரின் பொறுப்பு.